நாலு அங்குல வாட்டம்

மே 3, புதன்

எழுதச் சொன்னது எங்களுக்கு வகுப்பெடுக்கும் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் ஹபீபா. மாதாந்திர வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்கு ஓடியபோது என்னை மட்டும் நிறுத்தி இந்த நோட்டைக் கையில் கொடுத்தார். "கோகிலவாணி, மனசுல இருக்கறதத் தினமும் எழுது. ஒரு வரியா இருந்தாலும் போதும்" என்றார். என் மனசில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் எரிச்சல். எனக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஆம்புலன்ஸில் முதலுதவிப் பணி. பார்க்காத ரத்தமா, கேட்காத அழுகையா?

மார்ச் 19 கேஸைத்தான் சொல்கிறார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கர்ப்பிணி. தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. முறைப்படி எல்லாம் செய்து, கேஸ் ஷீட்டும் நிரப்பிக் கொடுத்தாகிவிட்டது. விசாரித்தார்கள், தவறு ஏதும் இல்லை என்று முடித்தார்கள். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது.

இன்று கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு அதிகம்.

மே 5, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி வண்டியை ஏற்றுக்கொண்டோம். ஆக்ஸிஜன் சிலிண்டர் பார்த்தேன், கழுத்துப் பட்டைகள் மூன்று அளவும் பார்த்தேன், ஸ்பைன் போர்டின் வார்களை இழுத்துப் பார்த்தேன். முதுகெலும்பு அடிபட்டவர்களை ஆடாமல் கட்டித் தூக்கும் ஆளுயரப் பலகை அது. மூன்றாவது வாரின் கொக்கி தேய்ந்திருந்தது, மாற்றச் சொல்லி எழுதி வைத்தேன்.

என் பைலட் சென்னியப்பன். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்றுதான் சொல்வோம். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நாற்பத்தெட்டு வயது, எப்போதும் வாயில் ஒரு வேப்பங்குச்சி. நஞ்சைக்காடு பிரிவு பஸ் நிறுத்தத்தில் புளியமரத்தடியில்தான் எங்கள் வண்டி நிற்கும். அவர் அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியைத் தன் சட்டைக்குக் காட்டினால் அவர் வீட்டம்மா என்னிடம் போன் போட்டுப் புலம்பமாட்டார்.

"அண்ணா, பழைய வண்டியோட சீட்டு ஒன்னு ஷெட்டுல கெடந்துச்சே, அந்தப் பஞ்சு வேணும்" என்றேன்.

"எதுக்கு அம்மணி?"

"சும்மா."

குச்சியை வாயில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குத் தள்ளினார். வேறு கேட்கவில்லை. சாயங்காலம் பஞ்சு வந்துவிட்டது.

மே 6, சனி

வெயில் நூற்றி நாலு. இரண்டு கேஸ். பாம்புக் கடி ஒன்று, மயக்கம் ஒன்று. இருவரும் நலம்.

மே 9, செவ்வாய்

விடுமுறை. துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன், பிறகு சீட்டுப் பஞ்சை வெட்ட உட்கார்ந்தேன். ஒரு பக்கம் உயரமாக, மறுபக்கம் ஒன்றுமில்லாமல் சரிந்து வரவேண்டும். கத்தி ஒத்துழைக்கவில்லை. என் வீட்டுக்காரர் குமாரவேல் டைல்ஸ் ஒட்டுகிறவர். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் தரையின் சரிவு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தன வாட்டம் வேணும்?"

"பலகை பதினாறு அங்குல அகலம். வலது பக்கம் நாலு அங்குலம் தூக்கோணும். பதினஞ்சு டிகிரி வரும்."

"நாலு அங்குலமா! பாத்ரூம் தரைக்குக்கூட நாங்க இத்தன வாட்டம் விடமாட்டோம். ஆளு உருண்டு போயிரும்."

"கட்டித்தான் இருக்கும். உருளாது."

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஆறேழு மாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் போட்டால் வயிற்றின் பாரம் முதுகுப் பக்கமாக ஓடும் பெரிய ரத்தக் குழாயை அமுக்கிவிடும். காலிலிருந்து நெஞ்சுக்கு ரத்தம் ஏறாது. தாய்க்குப் பிரஷர் இறங்கும், குழந்தைக்கு மூச்சு குறையும். அதனால் பலகையோடு இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். முதுகெலும்பும் ஆடாது, குழாயும் அமுங்காது. தலையணை வைத்தால் நசுங்கிப் போகும், அதனால் கெட்டியாக ஒன்று வேண்டும்.

"அன்னைக்கு என்ன வெச்சுச் சாய்ச்ச?" என்று கேட்டார். மார்ச் 19-ஐத்தான்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடும் என்று எழுந்து போனேன்.

மே 12, வெள்ளி

பஞ்சு ஆப்பு தயார். ரெக்ஸின் உறை போட்டு, மோட்டார் பெல்ட் தைக்கிற கடையில் கொடுத்துத் தைத்தது. சோதனைக்கு ஆள் வேண்டுமே. சென்னியண்ணாவைப் பலகையில் படுக்கவைத்து, வாரால் கட்டி, வலப்பக்கம் ஆப்பைச் செருகினேன்.

"எனக்கே ஆப்பு வெக்கறயா அம்மணி" என்றார். அவருடைய தொப்பை ஏழு மாதத்துக்குக் குறையாது, சோதனைக்கு மிகப் பொருத்தம். அந்த நேரம் பார்த்துச் சத்தி பஸ் வந்து நின்றது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து "அய்யோ பைலட்டுக்கு என்னாச்சு" என்று கேட்டார். அண்ணா கட்டுண்டபடியே "பிரசவம்ங்க" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பலகை வழுக்கவில்லை. ஆனால் வளைவில் திரும்பினால் ஆப்பு ஒரு விரல் நகர்கிறது. கையால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மே 16, செவ்வாய்

துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான கூட்டம். பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பதினேழு பெண்கள். படுக்கையில் எப்படித் திரும்பிப் படுப்பீர்கள் என்று கேட்டேன். பதினேழு பேரும் ஒரே பதில். எழுந்து உட்கார்ந்து, பிறகுதான் மறுபக்கம் படுப்பார்களாம். படுத்தவாக்கில் புரண்டால் தொப்புள்கொடி குழந்தையைச் சுற்றிக்கொள்ளுமாம்.

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

எனக்கு என்ன வந்ததோ, கத்திவிட்டேன். புரள்வதற்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்லை, குழந்தை தானாகவே உள்ளே நாளெல்லாம் குட்டிக்கரணம் போடுகிறது என்று. செவிலியர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு பெண் பயந்து அழுதேவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளைச் சொல்லி என்ன? எழுந்து உட்கார்ந்து திரும்புவதில் கெடுதல் ஏதும் இல்லை. கெடுதல் எங்கே வருகிறதென்றால், ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும்போது.

மார்ச் 19. வினோதினி. ஏழு மாதம். வேகத்தடையில் ஸ்கூட்டர் தூக்கிப்போட்டு, கைப்பிடி வயிற்றில் இடித்துவிட்டது. பலகையில் கட்டினோம். "கண்ணைக் கட்டுதுக்கா" என்றாள். சாய்க்கப் போனேன். சுற்றி நாற்பது பேர். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு "புரட்டாதீங்க, கொடி சுத்திக்கும், என்ற பேரன் போயிருவான்" என்று கத்த, நாற்பது பேரும் கூடவே கத்த, நான்

மே 17, புதன்

நேற்று எழுதியதைத் தொடரப் போவதில்லை.

மே 20, சனி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முதலுதவி அறைக்கு ஆள் கேட்கிறார்கள். ஊசி குத்திய விரலுக்கு மருந்து போடுவதும் தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும்தான் வேலை. ஜூன் ஒன்றாம் தேதி சேரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். காரணம் "குடும்பச் சூழ்நிலை". எவ்வளவு வசதியான சொல்!

சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை. திரும்பினால் வினோதினி. இளைத்திருந்தாள்.

"அக்கா, என்னைத் தெரியலீங்களா? நீங்கதான என்னைக் காப்பாத்துனீங்க."

கொய்யாப்பழம் வாங்கி என் பையில் போட்டாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. வீட்டில் மகள் நிரஞ்சனா நாலு பழம் தின்றாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். நான் சாய்க்கவில்லை. நாற்பது பேருக்குப் பயந்து மல்லாக்கவே வைத்து முப்பத்திரண்டு நிமிஷம் கொண்டுபோனேன். கதவைச் சாத்திய பிறகாவது சாய்த்திருக்கலாம். மாமியார் உள்ளே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அதையும் செய்யவில்லை. கேஸ் ஷீட்டில் "இடப்பக்கச் சாய்வு கொடுக்கப்பட்டதா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டேன்.

சாய்த்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

மே 22, திங்கள்

சென்னியண்ணாவிடம் திருப்பூர் விஷயத்தைச் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"அம்மணி, வண்டில உள்ள பாக்கற கண்ணாடி எதுக்கு இருக்குதுன்னு நெனச்ச?"

நான் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நானும் பாத்தேன். எனக்கும் அந்த வகுப்பு எடுத்தாங்கல்ல? 'சாய்ச்சுப் போடு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ரோட்டப் பாக்கறதுதான் என்ற வேலைன்னு இருந்துட்டேன். நீ போறதுன்னா போ. ஆனா ஆப்ப இங்கயே வெச்சுட்டுப் போ."

அழுதேன். குச்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

மே 28, ஞாயிறு

இன்றே எழுதவேண்டும், ஒன்றுவிடாமல்.

வைகாசி முகூர்த்த நாள். காலையிலிருந்தே மண்டபத்துப் பாட்டுச் சத்தம். பதினொன்று இருபதுக்கு அழைப்பு வந்தது. வேட்டுவன்மேடு வளைவில் கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரின் பின்னால் ஓர் ஆம்னி வேன் மோதிவிட்டது. வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போன வேன்.

ஏழு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். கால் முறிந்து வேன் டிரைவர் அலறிக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்க அவரைச் சுற்றி. "இங்க வாங்க, இங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. நான் கத்தாதவர்களைத் தேடினேன்.

மைல்கல்லில் சாய்ந்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கழுத்தில் கசங்கிய மாலை, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். இடது கையில் பாதி உடைந்து கீறியிருந்தது.

"எனக்கு ஒன்னுமில்லீங்க்கா. அவரப் பாருங்க" என்றாள். இந்துமதி, இருபத்திமூன்று வயது, எட்டாம் மாதம். முன்சீட்டின் முதுகில் வயிறு போய் இடித்ததாம். நாடி நூற்றிப் பதினெட்டு. வயிற்றைத் தொட்டேன். அம்மிக்கல் மாதிரி இறுகியிருந்தது, தொட்டதும் முகம் சுளித்தாள். வெளியே சொட்டு ரத்தம் இல்லை. கர்ப்பிணியின் உடம்பு கடைசிவரைக்கும் காட்டிக்கொடுக்காது. குழந்தையிடமிருந்து ரத்தத்தைப் பிடுங்கியாவது தாயை நிமிர்த்தி உட்காரவைத்திருக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கருப்பையை விட்டு நஞ்சு பிரிந்து ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும்.

டிரைவரின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டச் சென்னியண்ணாவிடம் சொன்னேன். இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது, மற்றவர்களை அது பார்த்துக்கொள்ளும். இந்துமதிக்குக் கழுத்து வலி இருந்ததால் பட்டை போட்டு, ஆக்ஸிஜன் வைத்துப் பலகையில் கிடத்தினோம். வார் மாட்டுவதற்குள் அவள் உதடு வெளுத்தது.

"கண்ணக் கட்டுதுக்கா."

அதே வார்த்தை. பிரஷர் எண்பதுக்கு ஐம்பது.

ஆப்பை எடுத்தேன். பலகையின் வலப்பக்கத்தைத் தூக்கினேன். இரண்டு கைகள் என் மணிக்கட்டைப் பிடித்தன. அவள் அம்மா, பாவாயம்மாள். நெற்றியில் ரத்தம் வழிய, அதைத் துடைக்கக்கூட இல்லை.

"புரட்டாதீங்க சாமி! கொடி சுத்திக்கும்! என்ற புள்ளயப் புரட்டாதீங்க!"

"புரட்டாதம்மா, புரட்டாத" என்று பின்னால் ஒரு குரல், பிறகு நாலு, பிறகு எல்லாரும். "டாக்டரா நீ?" என்று ஒருவர். மார்ச் 19 அப்படியே வந்து எதிரில் நின்றது. அதே வெயில், அதே நாற்பது பேர். பொய்யில்லாமல் எழுதுகிறேன், ஒரு விநாடி என் கை தளர்ந்தது.

அப்போது சென்னியண்ணாவின் குரல் கேட்டது. நாங்கள் ஒரே வண்டியில் ஓடிய பத்து வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "அந்தம்மா சொல்றதக் கேளுங்க! சாய்ச்சுத்தான் போடோணும்! எல்லாரும் அக்கட்டால போங்க!"

நான் பாவாயம்மாளின் கையை உதறவில்லை. அந்த இரண்டு கையையும் நானே பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் புரட்டல. பலகையோட சாய்க்கறேன். உங்க புள்ள இப்படியே மல்லாக்கக் கெடந்தா, வயிறே அவள அமுக்கும். நீங்களே செய்யுங்க. உங்க கையாலயே."

அவர் உள்ளங்கைகளை மகளின் வயிற்றின் வலப்பக்கத்தில் வைத்தேன். "இப்படி இடப்பக்கமாத் தள்ளிப் புடிங்க. அமுக்க வேண்டாம், ஒதுக்கிப் புடிங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

ஆப்பைச் செருகினேன். நாலு அங்குல வாட்டம். பாவாயம்மாள் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஒதுக்கிப் பிடித்தார்.

இரண்டு நிமிஷத்தில் உதட்டில் நிறம் ஏறியது. பிரஷர் தொண்ணூற்றி ஆறு. வண்டிக்குள் ஏற்றி மறுபடி பார்த்தேன், நூற்றி நாலு. "இப்பக் கண்ணு தெரியுதுங்க்கா" என்றாள் இந்துமதி. எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதிக்க இடம் இல்லை.

இடது கையில் ஒரு டிரிப் ஏற்றினேன். வலது கையில் இன்னொன்று ஏற்ற வேண்டும், அங்கே வளையல்கள். "உடைக்காதீங்க" என்று பாவாயம்மாளின் கண்ணில் நீர். உடைக்கவில்லை. ஜெல்லி தடவி ஒவ்வொன்றாக உருவினேன். பத்தொன்பது. முழுதாக அவர் மடியில் போட்டேன். அவ்வளவு நேரமும் அவர் கை அசையவில்லை.

தாலுகா ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் அங்கே ஆபரேஷன் தியேட்டர் இல்லை. நேரே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். போனில் டாக்டர் ஹபீபாவைப் பிடித்தேன். "முப்பத்திரண்டு வாரம், விபத்து, வயிறு கல்லா இருக்கு, மல்லாக்கப் போட்டா எண்பது, சாய்ச்சா நூத்தி நாலு. தியேட்டரும் ரத்தமும் வேணும் மேடம்."

"சாய்ச்சே கொண்டு வா. வாசல்ல நிக்கறேன்."

அண்ணா ஓட்டிய ஓட்டு! வேகமும் போனார், ஒரு குலுக்கலும் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "எடது வருது, புடிச்சுக்கோங்க" "வலது வருது" என்று குரல் கொடுத்தபடியே போனார். ஆப்பை நான் முட்டியால் அண்டைகொடுத்துக்கொண்டேன். பாதி வழியில் பாவாயம்மாள் திடுக்கென்று நிமிர்ந்தார்.

"ஒதைக்குது! அம்மணி, என்ற கைல ஒதைக்குது!"

மூன்று பேரும் அழுதோம். கண்ணாடியில் பார்த்தேன், ஓட்டுகிறவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் டாக்டர் நின்றார். பன்னிரண்டு நிமிஷத்தில் தியேட்டர். நஞ்சுக்குப் பின்னால் அரைப் படி ரத்தக்கட்டி இருந்ததாம். ஒன்று பத்துக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். பூனைக்குட்டி கத்துவதுபோல மெலிதாகத்தான் இருந்தது. ஆனால் விடாத அழுகை. பெண் குழந்தை, ஒரு கிலோ எண்ணூறு.

பாவாயம்மாள் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் முன்னால் நீட்டி, எதையோ ஒதுக்கிப் பிடித்தபடியே.

"விட்டுருங்கம்மா, பொறந்துருச்சு" என்றேன்.

"மடக்க வர மாட்டீங்குது கண்ணு" என்றார். நான் தேய்த்துவிட்டேன்.

மே 29, திங்கள்

டூட்டிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாய்க்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏறியிருக்கிறது, பேசுகிறாள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில். பாவாயம்மாள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, நன்றி சொல்வார் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்கிறார்:

"நான் சொன்னனா இல்லியா? கொடி சுத்தியிருந்துச்சாம்! கழுத்துல ஒரு சுத்து! டாக்டரம்மாவே சொன்னாங்க!"

டாக்டர் ஹபீபா சிரித்துவிட்டார். "நாலு கொழந்தைல ஒன்னுக்கு அப்படி இருக்கும் பாட்டிம்மா. சாய்ச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சம்பந்தம் இல்லாம எப்புடி?"

"சரிங்கம்மா, சுத்துச்சு" என்றேன் நான். "புள்ள அழுதுச்சா இல்லியா?"

பாவாயம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "அழுதுச்சு" என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் இரண்டு பேரும் வழக்காடவில்லை.

வராண்டாவில் டாக்டர் என் தோளைத் தட்டினார். "பிரமாதம் கோகிலா. மார்ச்லயும் நீ இதேதான் செஞ்ச. அன்னைக்கு நமக்கு அதிர்ஷ்டம் இல்ல, அவ்வளவுதான்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

"இல்லீங்க மேடம்" என்றேன். "அன்னைக்கு நான் சாய்க்கல. டிக் போட்டது பொய்."

அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது. "எழுதிக் கொடு" என்றார்.

பையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். வேறு தாள் இல்லை.

ஜூன் 1, வியாழன்

திருப்பூருக்குப் போகவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

பத்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் எல்லோர் முன்னாலும் இரண்டு கேஸையும் நானே சொல்லவேண்டும். நியாயம்தான். மே இருபத்தெட்டுக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் செத்திருப்பேன். இப்போது நிமிர்ந்து நிற்க முடிகிறது.

வினோதினி வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவள் முறத்தில் இருந்த பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற மாமியார்தான் கத்துனாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "நீங்க ஏங்க்கா அவங்க பேச்சக் கேட்டீங்க?"

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. காபி வைத்துக் கொடுத்தாள், குடித்தேன். கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள்.

"எப்புடிச் சாய்க்கோணும்? காட்டுங்க."

அவள் வீட்டுத் தரையிலேயே நான் படுத்துக் காட்டினேன். தலையும் உடம்பும் ஒரே நேராகத் திரும்பவேண்டும், வலப்பக்கத்துக்கு அடியில் மடித்த சாக்கு, வயிற்றை இடப்பக்கமாக ஒதுக்கும் கை. இரண்டு தடவை செய்து பார்த்தாள்.

ஜூன் 21, புதன்

வகுப்பு போன வாரமே முடிந்தது. முழுதும் சொன்னேன். மாவட்டத்தின் எல்லா வண்டிக்கும் ஆப்பு தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். குமாரவேல் ரசமட்டத்தோடு தயாராக இருக்கிறார்.

இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. இன்று காலை பத்தரைக்கு ஓர் அழைப்பு, வினோதினியின் ஊரிலிருந்து. தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏழு மாதக் கர்ப்பிணி உருண்டுவிட்டாள். ஆப்பைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கி ஓடினேன்.

கூட்டம். கத்தல். எனக்குப் பழகிய கத்தல். "விடுடி, புரட்டாத, கொடி சுத்திக்கும்!" வினோதினியின் மாமியார்தான், குரலை எங்கே கேட்டாலும் தெரியும்.

கூட்டத்தை விலக்கினேன். அந்தப் பெண் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தாள். முதுகுக்குப் பின்னால் மடித்த உரச்சாக்கு. அவள் தலையைப் புருஷன் ஆடாமல் பிடித்திருந்தான். ஈரத் தரையில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் வயிற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வினோதினி. முடி அவிழ்ந்து கிடந்தது, தோளில் யாரோ பிடித்து இழுத்த நகக்கீறல்.

பிரஷர் பார்த்தேன். நூற்றிப் பத்து. குழந்தையின் இதயத் துடிப்பும் நன்றாகக் கேட்டது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது.

"பாத்துக்கறேன், இனி விடு வினோ" என்றேன்.

அவள் உடனே விடவில்லை. நான் கையை வைத்த பிறகுதான் எடுத்தாள்.

"நீங்க வர்ற வரைக்கும் நான் யாரு பேச்சையும் கேக்கலக்கா" என்றாள்.